வேலைநிறுத்தம் செய்தவர் கையில் கடைசியில் நின்றது எவ்வளவு?

#1 பேரேடு (திங்கள், இரவு 9.40)

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். எந்தச் சண்டையைக் கேட்டாலும் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்றுதான் புத்தி போகிறது. நேற்று ஈசூன் காப்பிக்கடையில் நண்பர்கள் நால்வர் உட்கார்ந்து, வேலைநிறுத்தம் செய்கிற தொழிலாளிக்கு அது லாபமா நட்டமா என்று தேநீர் ஆறிப்போகும்வரை வாதாடினோம். ஒருவர் லாபம் என்றார். ஒருவர் சுத்த நட்டம் என்றார். மூன்றாமவர் "சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இது என்ன பேச்சு" என்று எழுந்து போய்விட்டார். தேநீருக்கு அவர்தான் காசு கொடுக்க வேண்டிய முறை. அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்தேன். 2024 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவில் போயிங் ஊழியர்கள் 33,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் முதலில் தருவதாகச் சொன்னது நான்கு ஆண்டுகளில் 25 விழுக்காடு உயர்வு, ஒப்பந்தத்தை ஏற்றால் கையில் 3,000 டாலர். ஏழு வாரத்துக்கு மேல் வெளியே நின்றுவிட்டு, நவம்பர் முதல் வாரத்தில் 38 விழுக்காட்டுக்கும் 12,000 டாலருக்கும் ஒப்புக்கொண்டார்கள்.

சராசரி ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 75,600 டாலர். வாரத்துக்கு 1,450 என்று வைத்தால், ஏழரை வாரத்தில் போனது 10,900. சங்கம் மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் 250 கொடுத்தது. அதைக் கழித்தால் நிகர இழப்பு 9,500 சுமார். ஒப்பந்தத் தொகையில் மட்டும் கூடுதலாக வந்தது 9,000. ஆக, நின்ற நாள்களின் செலவு அநேகமாக அன்றே வசூலாகிவிட்டது. நான்காம் ஆண்டில் 13 விழுக்காட்டு வித்தியாசம் முழுதாக வந்து சேரும்போது ஆண்டுக்கு 9,800 டாலர் மிச்சம். வட்டிமேல் வட்டி சேர்க்காமல் போட்ட கணக்கு இது.

செலவுப் பக்கத்தில் நான் எழுத முடியாமல் விட்டவையும் உண்டு. செப்டம்பர் முடிவோடு மருத்துவக் காப்பீடு நின்றது. அவர்கள் உரக்கக் கேட்ட பழைய ஓய்வூதியத் திட்டம் திரும்பி வரவில்லை. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் 17,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

இருந்தாலும் கூட்டிக் கழித்தால் லாபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்கும் இப்படித்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சும்மா (திங்கள், இரவு 9.58)

அமெரிக்காக்காரன் கணக்கு அமெரிக்காவுக்கு. வாரம் 250 டாலர் கொடுத்து "நீ வாசலில் நில்" என்று சொல்கிற சங்கம் இங்கே எது?

#3 பழைய தபால் (திங்கள், இரவு 11.15)

தம்பி பேரேடு, கணக்கை நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் லாபம் யாருக்கு என்ற பத்தியை உங்கள் தாளில் காணவில்லை.

நம் ஊர்க் கதையையே எடுங்கள். தூத்துக்குடி கோரல் மில், 1908 பிப்ரவரி 27. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசப் பேசத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஒன்பதே நாளில் மில் நிர்வாகம் இறங்கியது. பாதிக்குப் பாதி கூலி உயர்வு, ஞாயிறு விடுமுறை. உங்கள் கணக்குப்படி இதைவிடப் பெரிய லாபம் இருக்க முடியாது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது, ஆனாலும் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார். கூலி உயர்ந்தது தறிக்காரனுக்கு, செக்கு வக்கீலுக்கு. இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

அதற்கு 13 ஆண்டுகள் கழித்துச் சென்னை பெரம்பூரில் பி அண்டு சி ஆலை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று பெயரெடுத்த சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இலேயே அங்கே தொடங்கிவிட்டது. திரு.வி.க. போன்றவர்கள் கூட நின்றார்கள். 1921இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. துப்பாக்கிச் சூடு, புளியந்தோப்பில் சாதிக் கலவரம், கடைசியில் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே நட்டம். ஆனால் அதே ஆலையில் 1920இல் நடந்த தகராறில் சங்கத் தலைவர்கள்மேல் நீதிமன்றம் விதித்த தடையும் நிறுவனம் கேட்ட இழப்பீடும்தான் 1926இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணம். தோற்றவர்கள் போட்ட விதை வேறு யாரோ தோட்டத்தில் முளைத்தது.

சிங்கப்பூருக்கு வருகிறேன். என் அப்பா தபால்காரர். 1952 மே 13 அன்று இங்கே ஏறத்தாழ 500 தபால்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். எனக்கு அப்போது ஒரு வயது, எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டது. அப்பா சைக்கிளைச் சமையற்கட்டுச் சுவரில் சாய்த்துவைத்தவர் இரண்டு வாரம் தொடவில்லையாம். மூன்றாம் நாள் அம்மா அதன் பாரில் ஈரத்துணியைக் காயப்போட்டாராம். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அதைப் பார்த்த பிறகுதான் பணமுடை உறைத்தது என்பார் அம்மா. சங்கத்துக்கு வழக்கறிஞர் 28 வயது லீ குவான் இயூ. பத்திரிகையில் எழுதித் தள்ளியவர் ராஜரத்தினம். மே 26இல் வேலைக்குத் திரும்பினார்கள், பேச்சு செப்டம்பர் வரை இழுத்தது, சங்கத்துக்குத்தான் வெற்றி.

அந்த இரண்டு வாரத்தில் அதிகம் சம்பாதித்தவர் யார்? என் அப்பா இல்லை. அதுவரை ஊருக்குத் தெரியாத அந்த இளம் வழக்கறிஞர். அதன் பிறகு சங்கங்கள் அவரைத் தேடி வரிசையில் வந்தன. ஏழே ஆண்டுகளில் பிரதமர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வரவைக் கூட்டும்போது இதையும் கூட்ட வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

#4 கிளைச்செயலர் (செவ்வாய், காலை 7.20)

ஐயாவின் பதிவை ரயிலில் படித்தேன், இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

நான் ஒரு சங்கக் கிளையில் பொறுப்பில் இருக்கிறேன். சார்பு உண்டு, மறைக்கவில்லை. 1955 ஒன்றில் மட்டும் சிங்கப்பூரில் 275 வேலைநிறுத்தங்கள். இழந்த வேலைநாள்கள் ஒன்பதரை லட்சத்தை ஒட்டி. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைக்காகவும். மே 12 அன்று ஹாக் லீ பஸ் கம்பெனித் தகராறு கலவரமாகி நான்கு பேர் செத்தார்கள். சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி பஸ்கள் அதே ஆண்டு செப்டம்பரில் நின்று 142 நாள் ஓடவில்லை. அந்த 142 நாள் சம்பளத்தை எந்த உயர்வு ஈடுகட்டும்? பேரேடு, உங்கள் தாளில் போட்டுப் பாருங்கள். பத்து விழுக்காடு உயர்வு என்று வைத்தாலும் போனதை எடுக்க நான்கு ஆண்டு ஆகும்.

ஜான் ஹிக்ஸ் என்ற பொருளியலாளர் 1932இல் இதை அழகாகச் சொன்னார். 50ஆவது நாளில் எந்த எண்ணில் முடியப் போகிறது என்று இரு தரப்புக்கும் முதல் நாளே தெரிந்தால், அந்த எண்ணுக்கு அன்றே கைகுலுக்கிவிட்டு 50 நாள் சம்பளத்தையும் 50 நாள் உற்பத்தியையும் இருவரும் மிச்சப்படுத்தலாம். ஆக, வேலைநிறுத்தம் என்பது யாரோ ஒருவர் எதிராளியைத் தப்பாக எடைபோட்டதன் விலை. அரசு, முதலாளி, சங்கம் மூவரும் கூடிப் பேசும் நம் முத்தரப்பு முறை, 1972இல் வந்த தேசிய சம்பள மன்றம், எல்லாம் அந்த எடையைச் சரியாகப் போடும் ஏற்பாடுதான்.

#5 பழைய தபால் (செவ்வாய், காலை 8.05)

அதே ஹிக்ஸ்தான் பயன்படுத்தாத ஆயுதம் துருப்பிடிக்கும் என்றும் எழுதினார். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் நிலையம் வந்துவிட்டதோ?

#6 சும்மா (செவ்வாய், காலை 8.11)

74 வயதில் இந்த வேகம். நான் வணங்குகிறேன்.

#7 கிளைச்செயலர் (செவ்வாய், மதியம் 12.50)

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், அடி விழுந்தது. ஆனால் துருவைத் துடைத்த கதையும் எங்களிடம் ஒன்று உண்டு.

1986 ஜனவரி 2. ஹைட்ரில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கருவி நிறுவனம். 61 தொழிலாளர்கள், இரண்டே நாள். உலோகத் தொழிலாளர் சங்கம். அப்போது சங்கங்களின் கூட்டமைப்பான என்டியுசியின் தலைமைச் செயலாளராக இருந்தவர் ஓங் தெங் சியோங், துணைப் பிரதமரும் அவரே. அமைச்சரவையிடம் சொல்லாமலே அனுமதி கொடுத்தார். சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று பல ஆண்டு கழித்துப் பேட்டியில் சொன்னார். வர்த்தக அமைச்சருக்குக் கோபம், அமெரிக்காவிலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. இரண்டாம் நாள் எல்லாம் தீர்ந்தது. இந்நாட்டில் சட்டப்படி நடந்த வேலைநிறுத்தம் என்று இன்றும் எடுத்துச் சொல்ல எங்களுக்கு இருப்பது அதுதான்.

இரண்டு நாள் சம்பளம் செலவு, கேட்டது கிடைத்தது. பேரேடு, இதைவிடச் சிக்கனமான கணக்கு காட்டுங்கள்.

#8 பேரேடு (செவ்வாய், மதியம் 1.30)

காட்டுகிறேன், ஆனால் உங்களுக்குப் பிடிக்காது. 1985இல் இங்கே பொருளாதாரம் சரிந்தது. 1986 ஏப்ரல் 1 முதல் மத்திய சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. கூடவே சம்பளக் கட்டுப்பாடு. அதாவது ஜனவரியில் 61 பேர் இரண்டு நாள் நின்று எதையோ மீட்டார்கள். மூன்று மாதம் கழித்து அந்த 61 பேர் உட்பட அனைவருடைய சேமநிதிக் கணக்கிலிருந்தும் சம்பளத்தில் 15 விழுக்காடு அளவுக்கு வரவு நின்றது. அதற்கு ஒருவரும் ஒரு நாளும் நிற்கவில்லை.

பொருளாதாரம் மீண்டது, பங்கும் பிறகு படிப்படியாக ஏறியது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் வேலைநிறுத்தத்தின் விலையை மட்டும் நாள் நாளாக எண்ணுகிறோம். நிற்காமல் இருந்ததன் விலையை யாரும் எண்ணுவதில்லை. நானும் நேற்றுவரை எண்ணவில்லை.

#9 கப்பல்பட்டறை (செவ்வாய், இரவு 10.20)

எல்லோரும் குடிமக்கள் கணக்கையே பேசுகிறீர்கள். நான் மன்னார்குடிப் பக்கம். 17 ஆண்டாக இங்கே பட்டறை வேலை. பெர்மிட்டில் இருப்பவன் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2012ஐப் பாருங்கள். நவம்பர் 26. சீனாவிலிருந்து வந்த பஸ் ஓட்டுநர்கள் 171 பேர் வேலைக்குப் போகவில்லை. அவர்களுக்குச் சம்பளம் மாதம் 1,075 சிங்கப்பூர் வெள்ளி, அதே பஸ்ஸை ஓட்டும் மலேசியருக்கு 1,400. தங்குவிடுதியில் மூட்டைப்பூச்சி என்றும் புகார். மறுநாள் 88 பேர். அதோடு முடிந்தது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள், ஆறு வாரம், ஏழு வாரம் என்று. 29 பேரை ஊருக்கு அனுப்பினார்கள்.

பேரேடு அண்ணே, இந்த 34 பேருக்கும் வரவுப் பத்தியில் என்ன போடுவீர்கள்?

#10 கிளைச்செயலர் (செவ்வாய், இரவு 10.45)

தம்பி, அது சட்டத்துக்குப் புறம்பானது. பொதுப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவை, 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். சங்கத்தின் வழியே, உறுப்பினர்களின் ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை பெற்று நிற்க வேண்டும். குறை இருந்தது உண்மை, விடுதி நிலைமையை நிறுவனமே ஒப்புக்கொண்டு சீர்செய்தது. வழிதான் தவறு.

#11 சும்மா (செவ்வாய், இரவு 10.52)

அந்த 14 நாள் விதி இருக்கும் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள் ஐயா. குற்றவியல் சட்டம் (தற்காலிக விதிகள்). போட்ட ஆண்டு 1955. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். எங்கள் வீட்டு ஓட்டை வாளியின் அடியில் அப்பா தற்காலிகமாக ஒட்டிய தாரும் அந்த வயதுதான்.

#12 உட்லண்ட்ஸ் பேத்தி (செவ்வாய், இரவு 11.30)

படித்துக்கொண்டே இருந்தேன், எழுத வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் 1967ஐ யாரும் சொல்லாமல் விட்டால் தாத்தா கனவில் வருவார்.

அரசாங்கத்தில் நாள்கூலிக்கு இருந்த துப்புரவுத் தொழிலாளர்கள் அப்போது பெரும்பாலும் நம் ஆள்கள். நாள்கூலித் தொழிலாளர் சங்கங்களின் சம்மேளனத்துக்குத் தலைவர் சுப்பையா, இந்தியாவில் பிறந்தவர். 1967 பிப்ரவரி 1 அன்று 2,400 துப்புரவுத் தொழிலாளர்கள் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்கள். சுப்பையாவையும் இன்னும் 14 தலைவர்களையும் போலீஸ் பிடித்தது. சுகாதார அமைச்சு சொன்னது இதுதான்: நின்றதன் மூலம் நீங்களே உங்களை வேலையிலிருந்து நீக்கிக்கொண்டீர்கள், வேண்டுமானால் நாளைக் காலை புதிதாக விண்ணப்பம் போடுங்கள். மறுநாள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போட்டார்கள்.

தாத்தா அந்தத் தொண்ணூறில் ஒருவர். அவருக்குத் தமிழில் பெயர் எழுத மட்டும் வரும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒருவர் ஆளுக்கு 50 காசு வாங்கினாராம். பெயரை எழுத வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு, "நேற்று இருந்த அதே ஆள்தானே, பெயரை மாற்றி எழுதிவிடாதே" என்று சிரித்தாராம். வரிசையில் நின்ற எவரும் சிரிக்கவில்லையாம். தாத்தா இதை என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை, நான் முதல் வேலையில் சேர்ந்த அன்று. சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

பேரேடு அண்ணன் கணக்கில் அவர் இழந்தது ஒரு நாள் கூலியும் 50 காசும். அதைத் தாண்டி ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். என் அப்பாவுக்கு அவர் சொன்ன ஒரே அறிவுரை, "சங்கம் இருக்கும் தெருவில்கூட நடக்காதே." அப்பா நடக்கவில்லை. நானும் இதுவரை எதிலும் உறுப்பினர் இல்லை. ஒரு காலைப் பொழுதின் செலவு மூன்று தலைமுறைக்கு ஓடுகிறது. துப்புரவு வேலைக்கு இவ்வளவாவது அடிப்படைச் சம்பளம் தர வேண்டும் என்று 1,000 வெள்ளியை நிர்ணயித்தது 2014இல். இடையில் 47 ஆண்டுகள்.

#13 கிளைச்செயலர் (புதன், காலை 7.15)

சகோதரி, உங்கள் தாத்தாவின் கதைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டையும் ஒரே நூலில் கோக்கிறீர்கள். 1967இல் நின்றவர்கள் அரசாங்க நாள்கூலிகள். 2014இல் வந்த படிப்படியான சம்பள உயர்வு முறை குத்தகை நிறுவனங்களின் துப்புரவாளர்களுக்கானது. குறைந்த விலைக்கு ஏலம் கேட்டவருக்கே குத்தகை என்ற பழக்கத்தால் அவர்கள் சம்பளம் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. அதை உடைத்தது வேலைநிறுத்தம் இல்லை. சம்பளத்தை உரிமத்தோடு கட்டிப்போட்டதுதான். இந்த அளவு கொடுக்காவிட்டால் தொழில் நடத்தவே முடியாது என்றால் எந்த முதலாளிக்கும் தப்ப வழியில்லை.

1967ஐ அந்த ஆண்டின் கண்ணால் பாருங்கள். 1968 ஜனவரியில் பிரிட்டன் 1971க்குள் படைகளைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. இங்கே இருந்த அந்தப் படைத்தளத்தை நம்பியிருந்தவை பல்லாயிரம் குடும்பங்கள். வேலை கொடுக்க வெளிநாட்டு முதலாளி வர வேண்டும், வருபவர் முதலில் கேட்பது "இங்கே அமைதி உண்டா" என்பது. அந்த ஆண்டே சட்டங்கள் மாறின. பதவி உயர்வு, இடமாற்றம், ஆள்குறைப்பு, பணிநீக்கம் எல்லாம் சங்கம் பேரம் பேசும் பட்டியலிலிருந்து போயின. சங்கத்துக்கு அது பெரிய இழப்பு, நான் மறுக்கவில்லை. பதிலுக்கு வேலை வந்தது.

#14 உட்லண்ட்ஸ் பேத்தி (புதன், காலை 9.00)

வந்தது. வந்த வேலையில்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார், நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனால் "நூலில் கோக்காதீர்கள்" என்கிறீர்களே, இரண்டு காலத்திலும் கையில் இருந்தது ஒரே விளக்குமாறு.

#15 சும்மா (புதன், காலை 9.04)

[இப்பதிவு நீக்கப்பட்டது]

#16 மட்டுறுத்துநர் (புதன், காலை 9.30)

கிளைச்செயலரின் சம்பளம் எவ்வளவு என்பது இந்த இழையின் பொருள் இல்லை. வாதத்தோடு மோதுங்கள்.

#17 கப்பல்பட்டறை (புதன், இரவு 11.40)

நேற்றே எழுத நினைத்தது. ஓவர்டைம் முடிந்து இப்போதுதான் குளித்தேன்.

ஐயா வழி தவறு என்றார். நாங்களும் ஒரு காலை தவறான வழியில் நின்றிருக்கிறோம். 2009. அப்போது வேறு கம்பெனி, இன்று அது இல்லை. 23 பேர். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டால் "அடுத்த வாரம்". ஊரில் ஏஜென்டிடம் வாங்கிய கடனுக்கு வட்டிக்காரன் அடுத்த வாரத்தை ஒப்புக்கொள்வானா?

ஒருநாள் விடிகாலை ஐந்தேகாலுக்கு லாரி வந்தது. பின்கதவை இறக்கினார்கள். வழக்கமாக முதலில் ஏறுபவன் என் அறைத்தோழன், ஓரத்து இடம் பிடிக்க. அன்று அவன் ஏறவில்லை. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை வேலிக்கம்பியில் மாட்டிவிட்டு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்தான். யாரும் பேசிவைக்கவில்லை, சத்தியம். அடுத்தவன் மாட்டினான், அடுத்தவன் மாட்டினான். வேலி முழுக்க 23 பிளாஸ்டிக் பைகள், உள்ளே சோறு ஒரு பை, குழம்பு ஒரு பை. லாரி டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. அரைமணி நேரம் அது உறுமிக்கொண்டே நின்றது, பிறகு காலியாகப் போனது.

சூப்பர்வைசர் போனில் கத்தினார், எங்களிடம் கத்தினார், பிறகு அவரும் ஓரமாக உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு மாதம் பாக்கி என்று அன்றுதான் தெரிந்தது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறிச் சோறு கெட்டுவிடும் என்று எல்லோரும் மதியச் சாப்பாட்டை அப்போதே தின்றோம். பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். மஞ்சள் உறைகள். ஒரு மாதச் சம்பளம், ரொக்கம். மற்ற மாதம் மூன்று வாரத்தில் வந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த வரை ஏழாம் தேதியைத் தாண்டியதில்லை.

பெர்மிட் புதுப்பிக்கும் காலம் வந்தது. 21 பேருக்குப் புதுப்பித்தார்கள். முதலில் பையை மாட்டியவனுக்கும், முதலாளியிடம் ஆங்கிலத்தில் பேசிய இன்னொருவனுக்கும் இல்லை. காரணம் எதுவும் எழுதவில்லை. விமான டிக்கெட் மட்டும் வந்தது.

இப்போது சொல்லுங்கள், நாங்கள் ஜெயித்தோமா?

#18 கிளைச்செயலர் (வியாழன், காலை 7.30)

தம்பி, மனிதவள அமைச்சுக்குப் போயிருக்கலாம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது அன்றும் சட்டம். 2017 ஏப்ரல் முதல் இதற்கென்றே சமரச அமைப்பும் வேலை தொடர்பான கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கின்றன, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சங்கத்தின் வழியே போனால் 30,000. ஒருவரும் நடைபாதையில் உட்கார வேண்டியதில்லை.

#19 கப்பல்பட்டறை (வியாழன், மதியம் 12.15)

இன்று என் தம்பிக்கு அப்படி நடந்தால் நானே அங்கே கூட்டிப்போவேன், ஐயா. பொய் சொல்லவில்லை. ஆனால் 2009இல் எங்களுக்கு அலுவலகத்தின் வழி தெரியாது. வேலி தெரியும்.

#20 பழைய தபால் (வியாழன், மாலை 4.40)

பேரேடு, இந்த 23 பேர் கதைக்குள் நீங்கள் தேடிய முழுக் கணக்கும் இருக்கிறது. நம்மவர்கள் தங்குவிடுதியில் சீட்டுப் பிடிப்பார்கள் அல்லவா? அதில் கட்டுகிறவனே ஒருநாள் எடுப்பான். வேலைநிறுத்தச் சீட்டில் கட்டுகிறவன் ஒருவன், எடுக்கிறவன் வேறொருவன். கோரல் மில்லில் அப்படி, 2012 பஸ்ஸிலும் அப்படி. விடுதி சீரானபோது அதில் படுத்தவர்களில் அந்த 34 பேர் இல்லை.

சில சமயம் எல்லோருமே கட்டுவார்கள், எடுக்க ஆளே இருக்காது. 1982 ஜனவரியில் பம்பாயில் தத்தா சாமந்த் தலைமையில் துணியாலைத் தொழிலாளர் இரண்டரை லட்சம் பேர் நின்றார்கள். அது முடிந்தது என்று யாரும் அறிவிக்கவே இல்லை. ஆலைகள்தான் முடிந்தன. புகைபோக்கி நின்ற இடங்களில் இன்று அடுக்குமாடியும் கடைத்தொகுதியும். முதலாளிகளுக்கு நூலைவிட நிலம் அதிக விலை போகும் காலம் வந்துகொண்டிருந்ததைச் சங்கம் கணிக்கவில்லை. நீ நின்றால் எதிராளிக்கு வலிக்க வேண்டும். அவனுக்கு அது வசதி என்றால் நிற்காதே. போயிங்கில் விமானம் வெளியே போகாவிட்டால் காசு வராது, அதனால் வலித்தது. 1952இல் ஊருக்கே கடிதம் வரவில்லை, வலித்தது. லாரி காலியாகப் போனபோது அந்த முதலாளிக்கும் வலித்திருக்கும், எங்கோ ஒரு கப்பல் அன்று காத்திருந்திருக்கும்.

#21 கப்பல்பட்டறை (வியாழன், மாலை 6.05)

காத்திருந்தது ஐயா. மறுநாள் காலை அது கிளம்ப வேண்டிய நாள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

#22 பழைய தபால் (வியாழன், மாலை 6.20)

பதினொரு மணிக்கே உறையோடு வந்தார் என்றீர்களே.

#23 உட்லண்ட்ஸ் பேத்தி (வியாழன், இரவு 8.30)

அண்ணா, ஊருக்குப் போன உங்கள் அறைத்தோழர் என்ன ஆனார்? அவர் கடன்?

#24 கப்பல்பட்டறை (வியாழன், இரவு 11.10)

மீதிப் பேர் சேர்ந்து ஆளுக்கு 50 வெள்ளி போட்டு, இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தோம் அக்கா. ஏஜென்ட் கடனுக்கு அது உறை போடக் காணாது. வயலை ஒத்திக்கு வைத்து அடைத்தான். ஐந்து வருடம் ஆயிற்று மீட்க. இப்போது ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், கேட், ஜன்னல் கம்பி. பொங்கலுக்குப் பேசுவான். அந்தக் காலையைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பட்டறைக்கு ஒரு கிரைண்டர் வேண்டும் என்றான், போனமுறை வாங்கிப் போனேன். காசு கொடுக்க வந்தான். வாங்கவில்லை.

#25 பேரேடு (வெள்ளி, காலை 6.50)

தாளைத் திருத்தியிருக்கிறேன். போயிங்கை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உங்கள் 23 பேரை நடுவில் எழுதினேன், தம்பி. வரவு: 23 பேருக்குப் பாக்கிச் சம்பளம் முழுவதும். 21 பேருக்குத் தேதி தவறாத சம்பளம். செலவு: 23 பேருக்கு ஒரு காலைக் கூலி. இருவருக்கு வேலை, அதில் ஒருவருக்கு ஐந்து வருடம் வயல். அதற்கு ஈடாகத் திரும்பியது 21 பேர் தலா 50, ஆக 1,050 வெள்ளியும் ஒரு கிரைண்டரும். எவ்வளவு முயன்றாலும் இரண்டு பக்கமும் சமமாகவில்லை. கணக்கர் வேலைக்கே இழுக்கு.

#26 கப்பல்பட்டறை (வெள்ளி, மதியம் 12.20)

அண்ணே, 1,050 என்று எழுதாதீர்கள். 1,000தான். ஒருவன் கொடுக்கவில்லை.